சங்கேதமும் இல்லை, எண்ணும் இல்லை

வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. கோட் என்பதை ‘வங்கிச் சங்கேத எண்’ என்று எழுதுகிறவர்கள் அதை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். காரைக்குடியில் ஒரு சீட்டுக் கம்பெனியின் படிவத்திலும் அதே அச்சு. அதைப் பார்த்த ஆச்சி, “சங்கேதத்தை எல்லாம் வெளியே சொல்லக்கூடாதுல்ல அப்பச்சி?” என்று பாஸ்புக்கை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வடமொழியில் சங்கேதம் என்றால் இருவர் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழில் அது ரகசியக் குறிப்பாகிவிட்டது. மறைக்க வேண்டியது ஓ.டி.பி. இதுவோ செக் தாளிலேயே அச்சாகி ஊரறியக் கிடப்பது.

எண்ணும் அல்ல. மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கி, ஐந்தாவது சைபர், கடைசி ஆறு இடங்கள் கிளை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அதாவது ஐ.ஓ.பி. கிளை என்றால் ஐ, ஓ, பி, ஏ, பிறகு சைபர். அந்தச் சைபரை ‘ஓ’ என்று அடித்துவிட்டு, பணம் போகவில்லையே என்று நிற்பவர்கள் உண்டு. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டுக்கும் பணம் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று சொல்வது இதுதான்.

கோட் என்ற சொல் லத்தீனில் மரக்கட்டையில் தொடங்கி, எழுதும் பலகையாகி, சட்டநூலாகி, கடைசியில் குறியானது. அவ்வளவு போதும்.

‘இந்திய நிதி முறைமைக் குறியீடு’ என்பார்கள் படித்தவர்கள். பிழையில்லை, பயனுமில்லை, கிளை என்ற பேச்சே அதில் இல்லை. நம் பக்கத்து வழக்கில் ‘விலாசம்’ இருந்தது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்தால் அது கடையின் விலாசம். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஐ.ஓ.பி.யைத் திறந்த சிதம்பரம் செட்டியாருக்கு முன்னால் நிற்கும் ‘எம்.சிடி.எம்.’ அப்படிப்பட்டதுதான். எனக்கு ஆசை அந்தச் சொல்மேல். ஆனால் இன்று விலாசம் என்று அச்சடித்தால் தெருப்பெயரும் பின்கோடும் எழுதிக் கொடுப்பார்கள்.

ஆகவே ஐ.எஃப்.எஸ்.சி.க்கு நான் சொல்வது கிளைக்குறி. ‘குறியீடு’ என்று நீட்டவும் தேவையில்லை. அதைக் கவிதை விமர்சகர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

எண் என்று சொல்லத் தகுந்தது, செக்கின் அடியில் காந்த மையில் அச்சாகும் எம்.ஐ.சி.ஆர். ஒன்பதும் இலக்கம்: ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. அந்தச் சீட்டுப் படிவத்தில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? ‘காந்தமைக் குறியீடு’.