கல்வாழை இலையில் மஞ்சள் கோடுகள்: உரக்குறை என்று எண்ணிவிடாதீர்கள்

தோட்ட ஆலோசனைக்காக வீடுகளுக்குச் செல்லும்போது, கல்வாழை ஏன் முன்போலப் பூப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் யூரியாவையும் நுண்ணூட்டக் கலவையையும் மாறி மாறி இட்டுப் பார்த்துச் சலித்த பிறகே அழைக்கிறார்கள். சென்ற மழைக்காலம் முடிந்ததும் நான் பார்த்த ஒரு வீட்டில், மதில் ஓரமாக 12 தூர்கள் இருந்தன; இடுப்புக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டிய செடிகள் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டன. குருத்தில் சுருண்டிருந்த புது இலையொன்றை மெல்லப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். பக்க நரம்புகளை ஒட்டியே, விட்டு விட்டு, வெளிறிய மஞ்சள் கோடுகள் விளிம்பு வரை ஓடியிருந்தன. அது வைரஸ் நோய்; எந்த உரத்தாலும் தீராது.

இதை அடையாளம் காண்பது கடினமன்று. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவே நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். வைரஸ் தாக்கிய செடியிலோ கோடுகளும் புள்ளிகளும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நாளடைவில் அவை பழுப்பாகிக் காய்ந்து கிழியும். பூவிலும் நிறம் திட்டுத்திட்டாக உடையும். (நாம் இதழென்று எண்ணும் அகன்ற வண்ணப் பகுதிகள் உண்மையில் உருமாறிய மகரந்தக் கேசரங்கள்.) ‘பெங்கால் டைகர்’ போன்ற வரியிலை வகைகளில் எல்லா இலைகளிலும் கோடுகள் ஒழுங்காக இருக்கும், செடியும் செழித்து வளரும். நோயுற்ற செடியை இத்தகைய வகையென்று நம்பி, விரும்பிக் கேட்டு வாங்கிச் சென்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கல்வாழையை நாம் கிழங்கைப் பிரித்தே பெருக்குகிறோம் என்பதால், தாய்ச்செடியிலுள்ள வைரஸ் ஒவ்வொரு துண்டோடும் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மேற்சொன்ன வீட்டார் ஒரு நர்சரியில் வாங்கியவை இரண்டே தூர்கள். மற்றவை அவற்றிலிருந்து பிரித்தவை. பக்கத்து மூன்று வீடுகளுக்கும் அன்போடு கிழங்கு கொடுத்திருந்தார்கள். பீன்ஸ் மஞ்சள் தேமல் வைரஸ் போன்ற சிலவற்றை அசுவினிப் பூச்சிகளும் பரப்புகின்றன. அசுவினி சாறு உறிஞ்சிய சில நிமிடங்களிலேயே தொற்று நிகழ்ந்துவிடுவதால், வேப்பெண்ணெய்த் தெளிப்பு பூச்சியைக் குறைக்குமே தவிர, நோயை முழுமையாகத் தடுக்காது.

ஆகவே நோயுற்ற தூரைக் கிழங்கின் சிறு துண்டும் மிஞ்சாமல் அகழ்ந்தெடுத்து, எரித்துவிட வேண்டும். உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைத்துவிடும். மற்றச் செடிகளை வெட்டும் கத்தியைச் சோப்பு நீரில் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் நனைத்த பிறகே அடுத்த தூரைத் தொடுங்கள். புதிதாக வாங்கும்போது இலையில்லாத வெறுங்கிழங்கைத் தவிர்த்து, குறைந்தது மூன்று நான்கு இலைகள் விரிந்த செடியாகப் பார்த்து வாங்கி, சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.

நலமான கிழங்கு கிடைத்துவிட்டால் வளர்ப்பு எளிது. இரண்டு மூன்று முளைகளுள்ள துண்டுகளை, மட்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில், நன்றாக வெயில் படும் இடத்தில் நட வேண்டும். பூத்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டினால் பக்க முளைகள் விரைந்து எழும். மூன்று ஆண்டுக்கொரு முறை தூரைப் பிரிப்பது நல்லது.

குளியலறைக் கழிவுநீர் விழும் இடத்தில் கல்வாழை நடும் நம் வழக்கம் நல்லதே. ஈரத்தைத் தாங்கி, நீரிலுள்ள சத்துகளை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அந்த மூலையை எவரும் கூர்ந்து பார்ப்பதில்லை. நோயுற்ற தூர்களை நான் அடிக்கடி காண்பது அங்கேதான். கிழங்கு கேட்டு வருபவர்களுக்குப் பலரும் தோண்டிக் கொடுப்பதும் அங்கிருந்துதான்.