விந்தணு உருவாக மூன்று மாதம் ஆகும்

குழந்தை தள்ளிப்போனால் முதலில் பெண்ணைத்தான் சோதிக்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று அவர் மாதக்கணக்கில் அலைந்த பிறகே ஆணின் பக்கம் பார்வை திரும்புகிறது. இது எனக்குத் துளியும் நியாயமாகப் படவில்லை. குழந்தையின்மையால் தவிக்கும் ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனைக்கோ ஊசிகூடத் தேவையில்லை, விந்து மாதிரி கொடுத்தால் போதும்.

சரி, ரிப்போர்ட் வருகிறது. அதில் எண்ணப்பட்டவை இன்று உருவான விந்தணுக்கள் இல்லை. விரைக்குள் ஒரு மூல செல் பலமுறை பிரிந்து, குரோமோசோம்களைப் பாதியாக்கி, தலையும் வாலும் முளைத்து விந்தணுவாக மாற சுமார் 74 நாள் ஆகும். அப்புறம் விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள் குழாயில், அதைப் பிரித்து நீட்டினால் 6 மீட்டர் வரும், ஒன்றிரண்டு வாரம் ஊர்ந்து வந்தால்தான் நீந்தவே பழகுகிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் அடித்த கடும் காய்ச்சல் இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டலாம். இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலனும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டாம்.

காரணங்களில் அதிகம் கண்ணில் படுவது வெரிகோசீல் எனும் விரைப்பைச் சிரை வீக்கம். விரை நன்றாக வேலை செய்ய உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சி வேண்டும், அங்குள்ள சிரைகள் புடைத்து ரத்தம் தேங்கினால் சூடு ஏறிவிடும். தொட்டாலே தெரியும் அளவு வீக்கம் இருந்து, விந்தணுவும் குறைந்திருந்தால் அறுவை சிகிச்சை பலருக்குக் கைகொடுக்கிறது. குழாய் அடைப்பு, மரபணுக் கோளாறு, ஹார்மோன் குறைபாடு எல்லாம் இதற்கு அடுத்துதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது உடம்பை ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மை ஹார்மோன்தானே, விந்தணு கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருப்பதைப் பார்த்து மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது, விரைக்குள் சொந்தமாகச் சுரப்பது வற்றி, விந்தணு பூஜ்யம் வரைகூடப் போய்விடும். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், ஆனால் பல மாதம் ஆகலாம், சிலருக்கு வருடமும் தாண்டும். சத்து மாத்திரைகளையும் பெரிதாக நம்ப வேண்டாம்: 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொண்ட ஆண்களின் ஜோடிகளுக்குக் குழந்தைப்பேறு கூடவில்லை.

விந்தில் ஒரு அணுவும் இல்லை என்று வந்தாலும் கதை முடியவில்லை. அடைப்பு என்றால் உள்ளே உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும். உற்பத்தியே குறைந்தவர்களிடமும் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் விரைக்குள் சில இடங்களில் விந்தணு கிடைப்பதுண்டு. 1992-ல் உலகுக்குத் தெரியவந்த இக்ஸி முறையில், அதாவது ஆய்வகத்தில் விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் முறையில், ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும்.