தொப்புள் ஆறாத சுறாக் குட்டிகள்

விடியற்காலையில் மீன் ஏலக் கூடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சுறாக்களை அளப்பதுதான் என் வேலையில் பாதி. நீளம், எடை, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். போன வாரம் ஒரே கூடையில் 43 பால் சுறாக் குட்டிகள். எதுவும் ஒரு முழம்கூட இல்லை. மல்லாக்கத் திருப்பினால் முன் துடுப்புகளுக்கு நடுவே சின்னக் கீறல் ஒன்று மூடாமல் இருந்தது. அது தொப்புள். நம்மைப் போலவே தாய் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளர்ந்து பிறப்பது பால் சுறா. கீறல் ஆறவில்லை என்றால் பிறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும்.

"அதுல என்ன தம்பி பாக்குறே? குட்டிதான் புட்டுக்கு மெத்துனு இருக்கும், பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்" என்றார் கூடைக்கார அக்கா. அந்தப் புட்டைத் தின்று வளர்ந்தவன்தான் நானும். உடனே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

சுறா குறைந்தால் கடலுக்கு என்ன ஆகும்? பள்ளிகளில் கேட்கும்போது முன்பெல்லாம் அமெரிக்கக் கதை ஒன்று சொல்வேன். பெரிய சுறாக்கள் குறைந்ததால் சிப்பியைத் தின்னும் திருக்கை பெருகி, கிழக்குக் கரையில் சிப்பியெல்லாம் தீர்ந்தது என்று 2007இல் வந்த ஆய்வு. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைத் திரும்பப் பார்த்து, கணக்கு அப்படிப் பொருந்தவில்லை என்றார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுவிட்டேன்.

இப்போது சொல்வது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பற்றி. அங்கே கடற்புல் வெளி 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதை மேய்வது கடல் பசு, நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா என்கிறோமே, அதேதான். அதற்கு உண்மையில் பிடித்தது புல்லின் கிழங்கு. ஆனால் கிழங்கைத் தோண்ட முகத்தைச் சேற்றில் புதைக்க வேண்டும், சுற்றிலும் கலங்கிவிடும், பக்கத்தில் என்ன வருகிறது என்றே தெரியாது. அதனால் புலிச் சுறாக்கள் அதிகம் திரியும் வெயில் மாதங்களில் தோண்டுவதைக் குறைத்துக்கொண்டு, இலையை மட்டும் கடித்துவிட்டு நகர்கிறது. வேர் தப்பினால் புல் மறுபடி துளிர்க்கும். சுறா ஒரு கடல் பசுவைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டிருந்தாலே போதும். இதை அப்படியே பாக் விரிகுடாவுக்குப் பொருத்திப் பேச மாட்டேன். ஆனால் சுறாவின் வேலை வெறும் தின்பது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே பயம்தான் பால் சுறாக் குட்டிகளையும் கரையோரம் ஒதுக்குகிறது. பெரிய சுறா அதிகம் வராத ஆழமில்லாத தண்ணீர்தான் அவற்றின் தொட்டில். நம் சின்னக் கண்ணி வலைகள் விழுவதும் அங்கேதான். சாளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும், போனது போக மீண்டுவிடும். பால் சுறா கிட்டத்தட்ட ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிதான் போடும். வலை இழுக்கும்போது துடிக்கிற குட்டி இருந்தால் அங்கேயே விட்டுவிடச் சொல்லிப் படகுக்காரர்களிடம் கேட்கிறேன். சிலர் விடுகிறார்கள். வாங்குகிறவர்களும் முழத்துக்குக் குறைந்ததைத் தொடாமல் இருக்கலாம். பெரிதிலும் புட்டு வரும்.

அன்றைக்கு அக்காவிடம் கணக்குப் போட்டுச் சொன்னேன். தாய்க்கு ஐந்து என்றே வைத்தாலும் இந்தக் கூடையில் ஒன்பது தாய்களின் ஒரு வருடச் சுமை இருக்கிறது. அவர் ஒரு குட்டியை எடுத்துத் திருப்பி, கட்டை விரலால் கீறலைத் தடவிப் பார்த்தார்.

"தொப்புள்தான்" என்றார். அதற்குள் ஏலம் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.