உயர்த்திய ஜீப்பும் 18 மில்லிமீற்றரும்

பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர், கையில் இருப்பது பழைய சுசுகி ஜிம்னி ஜீப். மலைக்குப் போவதும் அதில்தான், பிள்ளைகளைத் தலவாக்கலைக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் அதில்தான். இடையிடையே கண்டிக்கும் இறங்குகிறார். 2025 நவம்பரில் அடித்த டித்வா புயலுக்குப் பிறகு தோட்டத்துப் பாதை இன்னும் மோசமாகி, வண்டியின் அடி தட்டிக்கொண்டே இருக்கிறதாம். லிஃப்ட் கிட், அதாவது நீளமான ஸ்பிரிங் முதலிய உயர்த்தும் பாகங்கள், போட்டு உயர்த்தலாமா, கடைக்காரர் 4 அங்குலம் போடச் சொல்கிறாரே, அது சரியா என்று கேட்கிறார்.

முதலில் அடி எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பாதைகளை நன்றாகக் கவனித்தவர்களுக்கு இது தெரியும்: கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் பாதையிலேயே இறங்கும். சில்லு ஓடும் இரண்டு தடங்களையும் அது அரித்துக்கொண்டு போகும். நடுவில் மட்டும் கல்லும் புல்லுமாக ஒரு திட்டு மிஞ்சும். அந்தத் திட்டில் முதலில் இடிபடுவது அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல், எஞ்சினின் பலத்தை இரு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி. பழைய ஜிம்னியில் அது தரையிலிருந்து ஏறத்தாழ 19 சென்றிமீற்றர், 2018 இல் வந்த புதியதில் 21.

லிஃப்ட் கிட் அந்த உருண்டையை ஒரு மில்லிமீற்றர் கூட உயர்த்தாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே இரும்புத் தண்டாக இருக்கும் முழு அச்சு. அச்சு சில்லில் நிற்கிறது, ஸ்பிரிங் அச்சில் நிற்கிறது, உடல் ஸ்பிரிங்கில் நிற்கிறது. ஸ்பிரிங்கை நீளமாக்கினால் உடல்தான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தச் சுலபமான வழி பெரிய டயர். டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் 205/70 அளவை 215/75 ஆக்கினால் விட்டம் சுமார் 3.6 சென்றிமீற்றர் கூடும், டிஃபரன்ஷியல் அதில் பாதி, 1.8 சென்றிமீற்றர் உயரும். அதற்கும் விலை உண்டு. பெரிய சில்லு என்றால் ஒவ்வொரு கியரும் ஐந்து வீதம் நீண்டுவிட்டது போலத்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 80 வீதம்தான், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஏற்கனவே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடுகிறது. அதனால் டயரை ஒரு படி கூட்டுங்கள், மூன்று படி வேண்டாம்.

ஹைலக்ஸ் போன்ற டபுள் கெப் வண்டிகளில் கதை வேறு. முன் சில்லுகள் தனித்தனியாக ஏறி இறங்கும், டிஃபரன்ஷியல் வண்டியின் அடிச்சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அங்கே கிட் போட்டால் முன் டிஃபரன்ஷியலும் சேர்ந்து உயரும். பதிலுக்கு, சில்லுக்குப் போகும் தண்டுகளின் மூட்டுகள் எப்போதும் சாய்ந்த கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும்.

அப்படியென்றால் ஜிம்னிக்கு லிஃப்ட் கிட் எதற்கு? குறுக்கே வெட்டிய கானில் இறங்கி ஏறும்போது முன் பம்பர் மண்ணை முட்டாமல் இருக்கும், வயிறு திட்டில் உட்காராது. நல்ல கிட்டில் நீளமான ஸ்பிரிங்கோடு நீளமான ஷொக் அப்சோபரும் வரும். அப்போது ஒரு சில்லு பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாகத் தொங்கி மண்ணைத் தொடும். காற்றில் தொங்கும் சில்லு சும்மா சுழலும், தரையைத் தொடும் சில்லுதான் வண்டியை இழுக்கும். என்னைக் கேட்டால் கிட்டின் முழு மதிப்பும் இந்தத் தொங்கலில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் மலிவான வட்டத் துண்டுகள் இருக்கின்றனவே, அவை உடலை 5 சென்றிமீற்றர் தூக்கும். ஆனால் சில்லு எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து நிறுத்தும் ஷொக் பழைய நீளம்தான், ஆகவே சில்லு கீழே இறங்கக்கூடிய தூரம் அதே 5 சென்றிமீற்றர் குறைந்துவிடும். பார்க்க உயரமாக நிற்கும், பள்ளத்தில் பழையதை விடச் சீக்கிரம் மாட்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவர்களுக்கு அதன் முன்பக்கக் கவை சற்றுச் சாய்ந்திருப்பது ஞாபகம் இருக்கும். ஜீப்பிலும் அப்படித்தான். முன் சில்லு இடம் வலமாகத் திரும்புவதற்கு ஒரு திருப்பு அச்சு வேண்டும், இது முன்பு சொன்ன இரும்புத் தண்டு அல்ல. சில்லுக்கு உட்புறம் மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு, அவற்றை இணைக்கும் கற்பனைக் கோடுதான் அது. இந்தக் கோடு நேர் செங்குத்தாக நிற்பதில்லை, அதன் மேல் முனை சற்றுப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வைத்தான் கராஜில் காஸ்டர் என்பார்கள். கோட்டைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் அது தரையைத் தொடும். அதாவது டயர் எப்போதும் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. வளைவில் தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த விசை திருப்பு அச்சுக்குப் பின்னால் விழுகிறது. விசையை அந்தச் சிறிய தூரத்தால் பெருக்கினால் சில்லை நேராக்கும் திருப்பம் கிடைக்கும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறதே, அதற்குப் பாதிக் காரணம் இது.

அந்தத் தூரம் எவ்வளவு? சாதாரண தரத்தில் படித்த திரிகோண கணிதம் போதும். காஸ்டர் 3 பாகை, சில்லின் ஆரம் 34 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 34 ஐ 3 பாகையின் தான்சனால் பெருக்கினால் 1.8 சென்றிமீற்றர். 18 மில்லிமீற்றர், ஒரு விரல் அகலம். ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை இந்த விரல் அகலம் நேராக்கித் தருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது வண்டியை உயர்த்துவோம். ஜிம்னியின் முன் அச்சு, கை என்று சொல்லும் இரண்டு நீண்ட இரும்புத் துண்டுகளில் பிடிபட்டிருக்கிறது. கையின் ஒரு முனை அச்சோடு இறுக்கமாக, மறு முனை பின்னால் சட்டத்தில் ஒரு ரப்பர் புஷ்ஷில். உடலை 5 சென்றிமீற்றர் தூக்கினால் கையின் பின் முனையும் 5 சென்றிமீற்றர் மேலே போகும். கை சாய்கிறது, அதோடு இறுகியிருக்கும் அச்சும் சேர்ந்து முன்னுக்கு உருள்கிறது. கையின் நீளம் 80 சென்றிமீற்றர் என்றால் இந்த உருட்டு 3.6 பாகை. நம்மிடம் இருந்ததே 3 பாகைதான். விரல் அகலம் போய், கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. கடைக்காரர் சொன்ன 4 அங்குலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் உருட்டு 7 பாகையைத் தாண்டும்.

அப்படியானால் வண்டி உடனே தறிகெட்டு ஓட வேண்டுமே? ஓடாது. ஏனென்றால் இழுபடும் தூரத்தில் மறு பாதியை டயர் தானே தருகிறது. டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுள்ள ஒரு தளம். வளைவில் போகும்போது ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றும் அந்தத் தளத்துக்குள் முன்பக்கத்தால் நேராக நுழைகிறது. தரை அதைப் பிடித்துக்கொள்கிறது, சில்லோ வேறு திசைக்குப் போகிறது. ஆகவே பின்னால் போகப் போகக் கட்டை பக்கவாட்டில் மேலும் மேலும் இழுபடுகிறது. முன்பக்கக் கட்டையில் விசை குறைவு, பின்பக்கக் கட்டையில் அதிகம். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த விசை தளத்தின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. காஸ்டர் அறவே இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

கராஜ் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினால் குறை தெரியாமல் போவதும் இதனால்தான். காய்ந்த பாதையில் டயர் தன் பங்கைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் இறம்பொடைப் பக்கம் மழையில் இறங்கும்போது என்ன நடக்கும்? ஈரத்தில் பின்பக்கக் கட்டைகள் சீக்கிரம் பிடிவிட்டு வழுக்கத் தொடங்கும். அதிக விசை அங்கேதான் இருந்தது, இப்போது அது குறைகிறது, மொத்த விசை தளத்தின் நடுவை நோக்கி முன்னே நகர்கிறது. டயர் கொடுத்த தூரம் கரைந்துபோகிறது, அதுவும் டயர் முழுவதும் வழுக்குவதற்கு முன்பே. அந்த நேரத்தில் மிஞ்சி நிற்கக்கூடியது காஸ்டர் தரும் 18 மில்லிமீற்றர் மட்டுமே. அதை முன்பே தொலைத்துவிட்ட வண்டியில் ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி லேசாகும், வளைவிலிருந்து திரும்பி வராது. கொழும்பில் நேர் வீதியில் ஓடும் வண்டிக்கு இது சிறு எரிச்சல். நம் ஊரில் ஒரு வளைவு முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடும், ஒரு பக்கம் மண் திட்டு, மறு பக்கம் பள்ளம்.

உயர்த்திய பிறகு வண்டி அலைந்தால் கண்ணூறு பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புது வண்டிக்குப் பூசை வைப்பது மன நிம்மதிக்கு நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அலையும் ஸ்டியரிங்குக்கு அளக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. கண்ணூறு என்று நினைத்து அதே வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது ஆபத்து. முனி அடிக்கிறது என்று பெயர் வாங்கிய வளைவுகளும் அப்படித்தான். பாதையின் சாய்வு வெளிப்பக்கமாக இருக்கிறதா, மர நிழலில் ஈரம் காயாமல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காஸ்டரை மீட்க வழி உண்டு. கையில் இருக்கும் புஷ்ஷைக் கழற்றி, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ் போடுவார்கள். அது அச்சைப் பின்னுக்கு உருட்டிவிடும். அல்லது கோணம் திருத்திச் செய்த புதிய கைகளையே வாங்கலாம். சட்டத்துப் பக்கத்தைத் தாழ்த்தும் இரும்புத் துண்டுகளும் இருக்கின்றன, ஆனால் அவை கீழே நீட்டிக்கொண்டு கல்லில் இடிபடும். எதைப் போட்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். அச்சைப் பின்னுக்கு உருட்டினால், அதன் பின்பக்கத்தில் தண்டு பூட்டும் மூக்கு கீழே சரியும், கியர்ப் பக்கமிருந்து வரும் தண்டின் மூட்டு மேலும் மடங்கும். ஸ்டியரிங்கைச் சரியாக்கப் போனால் தண்டு அதிரும், தண்டைப் பார்த்தால் ஸ்டியரிங் கெடும். 5 சென்றிமீற்றர் வரைக்கும் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிக்கலாம். 10 இல் அந்த இடம் கிடைப்பது கடினம், தண்டையே மாற்ற வேண்டி வரும். ஆகவே வாசகிக்கு என் பதில்: டயரை ஒரு படி கூட்டுங்கள், நீளமான ஷொக்கோடு சேர்ந்த 4 அல்லது 5 சென்றிமீற்றர் கிட் போடுங்கள், காஸ்டர் திருத்தும் பாகம் கிட்டில் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

கவிழும் பயம் பற்றியும் கேட்டிருக்கிறார். இரு சில்லுகளுக்கும் இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும், அது சிறிதாகச் சிறிதாக வண்டி சுலபமாகக் கவிழும். அகலம் 140, மையம் 70 சென்றிமீற்றர் என்றால் 1. கிட் போட்டு மையம் 4 சென்றிமீற்றர் ஏறினால் 0.95. கவலைப்படத்தான் வேண்டும், ஆனால் கூரைக்கு மேல் கட்டும் 50 கிலோ உர மூட்டை ஒன்றே இந்த மையத்தை அதற்குக் குறையாமல் உயர்த்திவிடும். கிட் போட்டவர் கூரையில் சுமை ஏற்றும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கொழுந்துக்கு நூறு வருட ஆராய்ச்சி. நான் அதைப் பெருமையாகத்தான் நினைக்கிறேன். அந்தக் கொழுந்தும் அதைப் பறிக்கிற சனமும், கர்ப்பிணிகளும் நோயாளிகளும் போய்வரும் பாதைக்கு அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும். எந்தச் சரிவில் எத்தனை மீற்றருக்கு ஒரு கான் வெட்டினால் தடம் அரிக்காது என்று அளந்து பார்க்க இரண்டு பொறியியல் மாணவர்களும் சில மழைக்காலங்களும் போதும். நடுத்திட்டு வளராத பாதையில் பாதிப் பேருக்கு லிஃப்ட் கிட்டே தேவைப்படாது.

சரி, கராஜுக்குப் போகும்போது சில வேலைகளைக் கூடவே நின்று பாருங்கள். உயர்த்துவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கிட் போட்டு முடிந்ததும் சில்லைக் காற்றில் முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், விறைத்து நின்றால் நீளமான குழாய் வேண்டும். டபுள் கெப் வைத்திருப்பவர்கள், பின் அச்சிலிருந்து ஒரு கம்பி போய்ச் சேரும் பிரேக் வால்வு இருக்கிறதா என்று பாஸிடம் கேளுங்கள். உடல் உயர்ந்தால் அந்த வால்வு வண்டியில் சுமையே இல்லை என்று கணக்கிட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், அதைத் திருத்தாமல் சுமையோடு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கக் கூடாது. வீல் எலைன்மென்ட் செய்யும் இடத்தில் தாளில் காஸ்டர் எண்ணையும் அச்சிட்டுக் கேளுங்கள், கிட் போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. கைகளின் புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி தன் சில்லுகளில் தரையில் நிற்க வேண்டும். சில்லு தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் அந்தப் போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.