சிரப் பாட்டிலுக்குள் பாசிக்கு என்ன வேலை?

மாத்திரையைவிடத் திரவ மருந்து சீக்கிரம் கெடும். காரணம், தண்ணீர். எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை உள்ள சிரப் ஓரளவு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். தண்ணீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் மூடிக்கு அடியில் கோத்து நிற்கும் நீர்த்துளிகள் சொட்டினால் மேற்பரப்பு மட்டும் நீர்த்துப்போகும். பூஞ்சைக்கு அது போதும். சர்க்கரை சேர்க்காத சிரப்பில் இந்தக் காவலும் இல்லை.

அதனால்தான் பாரபென், சோடியம் பென்சோயேட் போன்ற பதப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். பென்சோயேட் புளிப்பான திரவத்தில்தான் எடுபடும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் கூடினால் புளிப்பு குறைவு) 5-ஐத் தாண்டினால், கிருமியின் சவ்வைக் கடக்கக்கூடிய பென்சோயிக் அமிலம் மிகவும் குறைந்துவிடும். மாற்று தேடும்போது பாசி கண்ணில் படுகிறது.

கிருமிகள் மண்டிய நீரிலேயே காலம் தள்ளும் உயிர் அது; தற்காப்பு இல்லாமல் எப்படி? பழுப்புக் கடற்பாசியிலுள்ள ஃப்ளோரோடானின்கள் என்ற டானின் வகைப் பொருள்கள் பாக்டீரியாவின் புரதங்களில் ஒட்டி நொதிகளை முடக்கும், சவ்வையும் ஒழுக வைக்கும். குளோரெல்லா என்ற நுண்பாசியிலிருந்து பாக்டீரியாவை ஒடுக்கும் சாறு கிடைத்ததாக 1944-லேயே அறிவித்தார்கள். அதில் வேலை பார்த்தவை கொழுப்பு அமிலங்கள். ஆஸ்திரேலியக் கடலோரத்துச் சிவப்புப் பாசியான டெலீசியா புல்க்ரா இன்னும் சாமர்த்தியசாலி. அதன் ஃபியூரனோன்கள் என்ற சேர்மங்கள், பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் சமிக்ஞைகளையே குழப்பிவிடும்.

சரி, பாட்டிலுக்கு இது போதுமா? சமிக்ஞையைக் குழப்பினால் மட்டும் போதாது, எண்ணிக்கை குறைய வேண்டும். அமெரிக்க மருந்துத் தரநூலின் சோதனையில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை கிருமிகளை வேண்டுமென்றே விட்டு 28 நாள் கவனிப்பார்கள். பெரும்பாலான வாய்வழி மருந்துகளில் 14 நாளுக்குள் பாக்டீரியா பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும், அப்புறம் ஏறக்கூடாது. ஈஸ்ட்டும் பூஞ்சையும் பெருகவே கூடாது. ஆய்வகத் தட்டில் ஜெயித்த சாறு இங்கே தோற்கலாம்.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது, டானின் ஆள் பார்த்து ஒட்டாது என்பதுதான். மருந்திலேயே புரதம் இருந்தால் அதிலும் ஒட்டும். கடல் வாடை, பழுப்பு நிறம், பருவத்துக்குப் பருவம் மாறும் வீரியம், சில பாசிகளில் மிதமிஞ்சிய அயோடின் என்று மற்ற தொல்லைகளும் உண்டு.

சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் பல சாறுகள் உள்ளே நுழையவே திணறும். அங்கே உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் துணைக்கு வரும். அந்தச் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் அது உருவிவிடும். தளர்ந்த இடம் வழியாகச் சாறு நுழையலாம். பாசியைத் தனியாக நிறுத்துவதைவிட இப்படிக் கூட்டுச் சேர்த்து, பாரபெனின் அளவைக் குறைக்கப் பார்ப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.