லாயத்துச் சுவரில் ஓதமா? கொஞ்சம் பொறுங்கள்

இங்கிலாந்தில் பழைய பிரபு மாளிகைகளைச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் பலர் டீ குடிப்பது குதிரை லாயத்தில்தான். டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகையிலும் அப்படித்தான். நாலாவது டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் வடிவமைத்து 1760 வாக்கில் எழுந்த லாயம் அது. பக்கத்துக்கு ஏறக்குறைய 190 அடி. நடுவில் முற்றம், நுழைவாயிலில் டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண்கள், மேலே மணிக்கூண்டு. 80 குதிரைகளுக்கு இடமும் கொல்லன் பட்டறையும் இருந்தன. மாடியில் தானியக் கிடங்கும் குதிரைக்காரர்களின் அறைகளும். கடைசிக் குதிரைகள் 1939-இல் வெளியேறின.

உணவகமாகவும் கல்யாண மண்டபமாகவும் மாறிய இப்படிப்பட்ட லாயங்களைச் சீர்செய்வது என் தொழில். சின்ன லாயங்களிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சுவரில் ஓதம், பெயின்ட் நிற்க மாட்டேன் என்கிறது.

போய்ப் பார்த்தால் கீழே மூன்று நாலு அடி உயரத்துக்குப் பூச்சு கொப்புளித்திருக்கும். சுரண்டினால் வெள்ளை வெளேரென்று உப்பு. மழைநாளில் அதே இடம் நனைந்தாற்போல் கறுக்கும். காற்று உலர்ந்ததும் மறுபடி உப்புப் பூக்கும். ஈரமானியை வைத்தால் எண் எகிறும். உடனே யாராவது ஒரு கான்ட்ராக்டர், நிலத்து ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரில் துளைபோட்டு ரசாயனம் ஏற்றச் சொல்வார். லாயத்தில் பல நேரம் அது தண்டச் செலவு.

தலைமுறை தலைமுறையாகக் குதிரை மூத்திரமும் லத்தியும் ஊறிய சுவர் அது. அதிலிருந்த நைட்ரஜன் நைட்ரேட் உப்பாக மாறிச் செங்கல்லுக்குள் தங்கியிருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுக்கும். மின்கடத்தலை அளக்கும் மானிக்கு உப்பும் ஈரமும் ஒன்றுதான். அதனால் முதலில் கூரை, மழைநீர்க் குழாய், வெளித்தரையின் மட்டம் மூன்றையும் பாருங்கள். அப்புறம், உப்பா ஈரமா என்று தெரிந்துகொள்ள, சுவரைத் துளைத்தெடுத்த தூளை லேபுக்கு அனுப்புங்கள்.

லாயம் கட்டியவர்கள் காற்றுக்கும் வடிகாலுக்கும் கொடுத்த கவனம் கொஞ்சநஞ்சமல்ல. உயரத்தில் ஜன்னல், கூரை முகட்டில் சாய்சட்டம் வைத்த காற்றுக் கூண்டு, வாய்க்காலை நோக்கிச் சரியும் தரை. விக்டோரியா காலத்தில் குளம்பு வழுக்காமலிருக்க வரிபோட்ட நீலச் செங்கல் வேறு. உணவகமாக்கும்போது முதலில் அடைபடுவது இவைதான். குளிர் வருகிறதாம்! சுவர்மேல் சிமென்ட் பூசி எமல்ஷனும் அடித்துவிட்டால் உப்பு பின்னாலேயே படிகமாகிச் செங்கல் முகத்தைப் பிளக்கும்.

சுண்ணாம்புக் காரை பூசுங்கள். அது உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உதிரும். உதிரட்டும், செங்கல் பிழைக்கும். சில வருஷம் கழித்து மறுபடி பூச வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். பூத்த உப்பைத் தண்ணீர்விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, தரையில் சிந்தாமல் அள்ளிவிடுங்கள். சுத்தமான சுவர்தான் வேண்டுமென்றால் சுவரைத் தொடாமல், காற்றோட இடைவெளிவிட்டு மரப்பலகை நிறுத்தலாம்.

இன்னொன்று. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள லாயத்தின் இயல்பை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது இங்கிலாந்தில் கிரிமினல் குற்றம். பழைய மரத்தடுப்பைக் கழற்றுவதும் அதில் வரலாம். கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன் உள்ளூர் கவுன்சிலின் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.