கேள்வி: மின்பட்டியலில் இருக்கும் ஒரு சொல்

திருகோணமலைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஐஸ் கம்பனி நடத்தும் அண்ணர் ஒருவர், கூரை முழுக்கச் சோலர் போட்டு மூன்று மாதம் கழித்து, கரண்ட் பில்லைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். "யூனிற் நல்லாக் குறைஞ்சிட்டுது தம்பி. இந்த டிமாண்ட் மட்டும் ஏன் அசையேல்லை?"

டிமாண்டுக்கு இலங்கைத் தமிழில் நிலைத்த சொல் 'கேள்வி'. உயர்தரத்தில் பொருளியல் படித்த எவருக்கும் 'கேள்வியும் நிரம்பலும்' தெரியும். தமிழ்நாட்டில் அதையே 'தேவையும் அளிப்பும்' என்பார்கள். ஒப்பந்த வேலைக்கு விலை கோரும் பத்திரமும் நமக்குக் கேள்விப்பத்திரம்தான்.

வேர், கேள். செவியால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே வினை. கன்னடத்துக் 'கேளு'வும் அப்படியே. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான கேள்வி, செவிவழிப் பெறும் அறிவைச் சொல்கிறது. கடையில் 'அரைக்கிலோ சீனி கேட்டான்' என்கிறோமே, டிமாண்டுக்குப் பொருந்துவது அந்தக் கேட்டல். ஆங்கிலச் சொல்லின் வழியும் இதுதான்: லத்தீனில் ஒப்படைத்தலைக் குறித்தது, பிரெஞ்சில் கேட்டலாகி, ஆங்கிலத்தில் அழுத்திக் கேட்டலாயிற்று.

மின்சாரத்தில் 'தேவை' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. மாதம் முழுக்க எரித்த அலகுகளையும் தேவை என்று சொல்லிவிடலாம். கேள்வி வேறு. 42 கே.வி.ஏ.க்கு (கிலோவோல்ற் அம்பியர், ஒரே நேரத்தில் இழுக்கும் மின்னின் அளவு) மேல் ஒப்பந்தம் செய்த தொழிற்சாலைக்கு மின்சார சபை இரண்டு கணக்கு வைக்கிறது. ஒன்று, எடுத்த அலகு. மற்றது, ஒரே நேரத்தில் எவ்வளவு கேட்டாய் என்பது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மானி அதன் சராசரியைப் பதிகிறது. மாதத்தின் ஆகப் பெரிய பதிவே உச்சக் கேள்வி. கட்டணம் அதற்குத்தான். நீங்கள் எப்போது கேட்டாலும் தருவதற்கு மின்மாற்றியும் கம்பியும் மின்நிலையமும் ஆயத்தமாக நிற்கவேண்டுமே, அந்தச் செலவு.

அண்ணரின் கம்பனியில் நடந்தது இது. ஒருநாள் பின்னேரம் கரண்ட் நின்றது. ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணித் தொட்டி சூடேறிவிட்டது. ஏழு மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லாக் கொம்பிரசரையும் ஒன்றாகப் போட்டார்கள். வெயில் இல்லை, சோலரும் இல்லை. அந்தக் கால் மணித்தியாலம் மாதம் முழுவதற்குமான கேள்வியை எழுதிவிட்டது. அதோடு பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை அலகின் விலையும் உச்சத்தில் நிற்கும்.

இன்னொரு சிக்கல் கே.வி.ஏ.யில் உண்டு. மோட்டர் 80 கிலோவாற்று இழுக்கிறது, வலுக் காரணி, அதாவது இழுக்கும் மின்னில் உண்மையாக வேலை செய்யும் பங்கு, 0.8 என்றால் மானியில் விழுவது 100 கே.வி.ஏ. (தமிழ்நாட்டில் இதைத் திறன் காரணி என்பார்கள், அங்கே திறன் என்பது இங்கே வலு.) சோலர் 30 கிலோவாற்று தரும்போது சபையிடம் கேட்பது 50 ஆக இறங்கும், ஆனால் கே.வி.ஏ. 70க்கு வராது, 78இல் நிற்கும். மோட்டரின் காந்தப்புலத்துக்கு வேண்டிய மறுதாக்க வலுவைச் சோலர் சுமக்காததால் அது முழுக்கச் சபையிடமிருந்தே வருகிறது. அந்த மறுதாக்க வலுவை அங்கேயே தரும் கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்) பூட்டி வலுக் காரணியை 0.95 ஆக்கினால், சோலரே இல்லாமல் 100 என்பது 84 ஆகிவிடும். கூரைக்குப் பணம் போடுமுன் இதைச் செய்திருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

திருகோணமலை மாவட்டச் சம்பூரில் 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டு, அங்கே 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டத்தின் கட்டுமானப் பணி 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டபோது, இனிக் கரண்ட் மலியும் என்று ஊரில் பலர் பேசினார்கள். பகல் அலகு மலியலாம். பொழுது பட்டபின் எழும் கேள்விக்கு அணையோ மின்கலமோ எரிபொருள் இயந்திரமோ விடை தந்தாக வேண்டும்.

ஐஸ் கம்பனிக்கு ஒரு வசதி, பனிக்கட்டியே அதன் மின்கலம். அண்ணர் இப்போது வெயிலில் கட்டி உறையவைத்து, 6.30க்கு முன் கொம்பிரசர்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். கரண்ட் நின்று வந்தால் ஒன்றைப் போட்டுத் தொட்டி குளிர்ந்த பிறகே அடுத்தது. பில்லில் அலகு வரிக்குப் பக்கத்தில் 'எடுத்தது' என்றும், டிமாண்ட் வரிக்குப் பக்கத்தில் 'கேட்டது' என்றும் பேனையால் எழுதி, மானிப் பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கிறார்.